மாவியில் மூன்று தோல்வி

அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்து சீசன் நவம்பர் முதல் வாரத்தில் தொடங்கும். எங்கட பக்கத்தில் மாரி மழை இறுகுகிறதும் அந்த நாட்களில்தான். அதனால் எனக்கு அந்த சீசனின் முதல் ஐந்தாறு கிழமை எப்போதும் மழைச் சத்தத்தோடுதான் ஞாபகத்தில் இருக்கும். வெளியில் சீமெந்துக் கோர்ட்டில் தண்ணி நிற்கும், பிராக்டிஸ் இல்லை, ஹொஸ்டல் கட்டிலில் படுத்துக்கொண்டு போனில் யாரோ இருபது வயதுப் பெடியன்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

2024 நவம்பரில் நான் பார்த்துக்கொண்டிருந்தது யூகொன். அதாவது கனெக்டிகட் பல்கலைக்கழகம். ஸ்டோர்ஸ் என்கிற சின்ன ஊரில் இருக்கிற ஓர் அரச பல்கலைக்கழகம். உண்மையில் நான் முதலில் பின்தொடர்ந்தது அவர்களுடைய பெண்கள் ரீமைத்தான். பெய்ஜ் பெக்கர்ஸ் பாஸ் கொடுக்கிற வீடியோக்களை ஸ்லோ மோஷனில் பார்த்துப் பார்த்து, யூரியூப் தானாகவே ஆண்கள் ரீமையும் கொண்டுவந்து தந்தது. பார்த்தால் அவங்களும் அதே மாதிரி. ஒருவரும் பந்தை வைத்துக்கொண்டு நிற்பதில்லை. பந்து கையில் இல்லாத நாலு பேரும் ஓடிக்கொண்டே இருக்கிறாங்கள், ஒருவர் இன்னொருவருக்கு ஸ்கிரீன் போடுறார், அவர் வெட்டி உள்ளே போறார், பந்து அவருக்கு முன்னமே அங்கே போயிருக்கும். எங்கட ரீமில் ஐந்தடி ஐந்து அங்குலத்துக்கு மேல் ஆள் இல்லை. உயரம் இல்லாதவர்களுக்கு இப்படி ஒரு வழி இருக்கு என்று கண்டபோது எனக்கு அது பொழுதுபோக்காகத் தெரியவில்லை, நோட்ஸ் மாதிரித் தெரிந்தது.

அந்த ஆண்கள் ரீம் 2023இல் சம்பியன், 2024இலும் சம்பியன். இறுதிப் போட்டியில் முதலில் சான் டியாகோ ஸ்டேட்டை 76-59, அடுத்த வருடம் பர்டூவை 75-60. தொடர்ந்து இரண்டு வருடம் வென்றது அதற்கு முன்பு கடைசியாக 2006, 2007இல் புளோரிடாதான். மூன்றும் அதற்கு மேலும் வென்றது யூசிஎல்ஏ மட்டும், அதுவும் 1967 முதல் 1973 வரை ஏழு வருடம், இன்றைக்கு நினைத்தும் பார்க்க முடியாத காலம். ஆகவே 2024 நவம்பரில் எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: மூன்றாவது வருமா? கோச் டான் ஹேர்லி அந்த ஜூன் மாதம் லொஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் கூப்பிட்டும் போகாமல் இருந்தவர். மூன்றாவதுக்காகத்தான் நிற்கிறார் என்று பேசிக்கொண்டார்கள்.

ஆனால் ஆட்கள் போய்விட்டார்கள். முதல் ஐவரில் நாலு பேர். ஏழடி இரண்டு அங்குல டொனவன் கிளிங்கன், ஸ்டெஃபன் காசில், டிரிஸ்டன் நியூட்டன், கேம் ஸ்பென்சர். நாலு பேரும் ஒரே வருட என்பிஏ தெரிவில் போனார்கள், காசில் நாலாவது ஆளாக, கிளிங்கன் ஏழாவது ஆளாக. திரும்பி வந்தது அலெக்ஸ் கரபன் மட்டும். 2023க்குப் பிறகும் இப்படித்தானே பெரிய ஆட்கள் போனார்கள், திரும்பவும் வென்றார்களே என்று சிலர் சொன்னார்கள். அந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கு. 2023இல் போனவர்களுக்குப் பின்னால் நியூட்டன் நின்றார், கரபன் நின்றார், வாங்கில் இருந்த கிளிங்கன் எழும்பி வந்தார். ரீமின் பழக்கம் தெரிந்த மூன்று பேர். 2024இல் வாங்கில் இருந்து எழும்பியவர்கள் நல்ல பிள்ளைகள்தான், ஹசன் டியாரா, சொலமன் போல், சாம்சன் ஜோன்சன், ஆனால் முழு மட்சையும் தூக்கிப் பழகாதவர்கள். மற்றவர்கள் புது ஆட்கள். மிச்சிகனில் இருந்து மாறி வந்த டாரிஸ் ரீட், சென்ற் மேரிஸில் இருந்து வந்த எய்டன் மஹேனி, பள்ளிக்கூடம் முடித்து நேரே வந்த லியம் மக்நீலி.

அங்கே இப்போது மாணவர்கள் ஒரு பல்கலைக்கழகத்தில் இருந்து இன்னொன்றுக்கு மாறி உடனேயே விளையாடலாம். முன்பு ஒரு வருடம் உட்கார வேண்டும். 2021இல் இருந்து தங்கள் பெயரை வைத்து உழைக்கவும் அனுமதி. நல்லதுதான், இவ்வளவு காலமும் அந்தப் பிள்ளைகளை வைத்து மற்ற எல்லாரும்தானே உழைத்தார்கள். ஆனால் அதன் ஒரு விளைவு, நவம்பர் மாதத்தில் எந்த ரீமைப் பார்த்தாலும் ஒருவரை ஒருவர் சரியாகத் தெரியாத ஐந்து பேர் நிற்பார்கள்.

முதல் நாலு மட்சும் வீட்டில். நாலிலும் முப்பது புள்ளிக்கு மேல் வித்தியாசம். சேக்ரட் ஹார்ட் 92-56, நியூ ஹாம்ப்ஷயர் 92-53, இப்படியே. பெரிய ரீம்கள் சீசன் தொடக்கத்தில் சின்னப் பல்கலைக்கழகங்களைக் காசு கொடுத்துக் கூப்பிட்டு விளையாடுவது அங்கே வழமை. அந்த நாலு மட்சிலும் எனக்குப் பிடித்ததெல்லாம் இருந்தது. பாஸ், கட், ஸ்கிரீன், கரபனின் மூன்று புள்ளி. யூகொன் தரவரிசையில் இரண்டாவது. நானும் மூன்றாவது கிண்ணம் வருது என்றுதான் ஹொஸ்டலில் சொல்லிக்கொண்டு திரிந்தேன், கேட்க ஆள் இல்லாவிட்டாலும்.

பிறகு மாவி. ஹவாயில் லஹைனா என்கிற ஊரில் ஒவ்வொரு நவம்பரும் எட்டு ரீம் கூடி மூன்று நாளில் மூன்று மட்ச் விளையாடும். 2023 ஓகஸ்டில் அந்த ஊர் காட்டுத்தீயில் எரிந்து நூறு பேர் வரை செத்துப்போனார்கள், அந்த வருடப் போட்டி ஹொனலூலுவுக்குப் போனது. 2024இல்தான் திரும்ப லஹைனாவுக்கு வந்தது. மண்டபம் மிகச் சின்னது, ஊர்ப் பொதுமண்டபம் மாதிரி. கோச் கத்துவது முழுக்கக் கேட்கும். இந்த விஷயம் பிறகு தேவைப்படும்.

நவம்பர் 25, 26, 27. கிழக்கில் இருந்தவர்களுக்கு அந்தத் திகதிகளைச் சொல்லத் தேவையில்லை. அந்த மூன்று நாளும்தான் எங்கட பக்கம் வெள்ளம். நான் வீட்டுக்கு வந்திருந்தேன். தம்பி ஏ.எல். எழுதத் தொடங்கி இரண்டு நாள்தான், 27ஆம் திகதியில் இருந்து பரீட்சையை ஒத்திவைத்தார்கள். 26ஆம் திகதி மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடிபட்டு மதரசாப் பிள்ளைகள் போன செய்தி வந்தது. அம்மா அன்றிரவு முழுக்க லைட் போட்டுக்கொண்டு முன் விறாந்தையிலேயே இருந்தா, தண்ணி இரண்டாம் படிக்கு வந்துட்டுதா என்று பார்க்க. கரண்ட் போனபிறகு லாம்பு.

அந்த நேரத்தில் எவரும் மட்ச் பார்க்க முடியாது. அங்கத்தைய சனல் எங்களுக்கு வேலை செய்யவும் செய்யாது. நான் செய்தது இவ்வளவுதான்: போனில் பத்தொன்பது வீத சார்ஜ், கொஞ்சம் டேட்டா, ஒவ்வொரு நிகழ்வையும் ஒரு வரியாக எழுதிப் போடுகிற ஸ்கோர் பக்கம். யார் அடித்தது, யார் தவறவிட்டது, யார் பவுல். இப்படி வரியாக வாசித்தால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரியும், வீடியோவில் அது தெரியாது. மெம்பிஸோடு முதல் மட்ச். பவுல். பவுல். ப்ரீ த்ரோ. பவுல். வாசிக்க வாசிக்க எனக்குப் பிடித்த யூகொன் அந்த வரிகளில் எங்கேயும் இல்லை. பதின்மூன்று புள்ளி பின்னால் இருந்து ஏறி வந்து, கடைசிச் செக்கன்களில் சொலமன் போல் மூன்று அடித்துச் சமப்படுத்தினார். ஓவர்டைம். அப்புறம் 92-92இல், நாற்பது செக்கன் மிச்சம் இருக்கும்போது, மக்நீலி மேல் ஒரு பவுல். உடனே அடுத்த வரி: டெக்னிக்கல் பவுல், ஹேர்லி.

என்ன நடந்தது என்று அந்த வரி சொல்லாது. நாலு நாளைக்குப் பிறகுதான் வீடியோவில் பார்த்தேன். மனுஷன் நிலத்தில் மல்லாக்க விழுந்து கிடக்கிறார். ரீபவுண்டுக்குப் பாய்ந்த மக்நீலி எதிராளியின் முதுகில் ஏறியதாக நடுவர் சொல்ல, இவரால் தாங்க முடியவில்லை. டெக்னிக்கலுக்கு இரண்டு ப்ரீ த்ரோ, அந்தப் பவுலுக்கு இரண்டு. மெம்பிஸின் பி.ஜே. கார்ட்டர் நாலையும் போட்டார். 96-92. மட்ச் முடிந்தது 99-97இல். இரண்டு புள்ளி வித்தியாசம், இரண்டு டெக்னிக்கல் ப்ரீ த்ரோ. கணக்குப் பாடத்தில் சாதாரண சித்தி எடுத்த எனக்கே இந்தக் கழித்தல் செய்யத் தெரியும்.

அடுத்த நாள் கொலராடோவிடம் 73-72. கடைசிப் பத்துச் செக்கனுக்குள் நிலை தடுமாறிக்கொண்டே எறிந்த ஒரு பந்தில் போனது. மூன்றாம் நாள் டேட்டனிடம் 85-67, அதில் சொல்ல ஒன்றுமில்லை, களைத்துப்போன ரீம். மூன்று எதிரணியும் தரவரிசையில் இல்லாதவை. அடுத்த திங்கள் யூகொன் இரண்டாம் இடத்தில் இருந்து இருபத்தைந்துக்கு விழுந்தது.

கம்பஸ் திரும்பத் திறந்தபிறகு எங்கட பெடியன்கள் ஹேர்லி விழுந்து கிடக்கிற கிளிப்பை வட்சப்பில் சுற்றவிட்டார்கள். "கோச் எண்டா இப்பிடி இரிக்கோணும், மச்சான். என்ன பெஷன்!" எனக்கு அங்கேதான் கோபம். பத்தொன்பது வயதுப் பெடியன் ஒருத்தன் ரீபவுண்டுக்குப் பாய்ந்து பவுல் வாங்கிவிட்டான், அவனுக்கு அந்த நேரம் தேவை, பரவாயில்ல, அடுத்ததைப் பிடி என்ற ஒரு சொல். கிடைத்தது இன்னும் இரண்டு ப்ரீ த்ரோ. இதைப் பெஷன் என்றால், எங்கட பக்கம் விளையாட்டுப் போட்டிகளில் கரையில் நின்று பிள்ளைகளைப் பேசுகிற பெரியவர்கள் எல்லாருமே பெஷன்காரர்தான். நடுவர் சரியா பிழையா என்பது வேறு விஷயம். அந்தப் பவுல் சந்தேகமானதாகவே இருக்கட்டும். அந்த டெக்னிக்கலில் சந்தேகம் இல்லை.

ஆனால் மாவியை ஹேர்லியின் ஒரு விழுதலுக்குள் அடக்குவதும் சரியில்லை. அந்தக் கிளிப்பினால் உண்மையான பிரச்சினை மறைந்துபோனது. உண்மையான பிரச்சினை கிளிங்கன் இல்லாதது. ஏழடி இரண்டு அங்குல ஆள் வளையத்துக்குக் கீழே நின்றால், வெளியில் நிற்கிற கார்ட் துணிந்து எதிராளியை நெருங்கலாம், தப்பிப் போனாலும் பின்னால் ஒரு மதில் இருக்கு. மதில் போய்விட்டது, நெருங்குகிற பழக்கம் மட்டும் மிச்சம். ஆள் தப்பிப் போறான், பின்னால் ஒருவரும் இல்லை, கையைப் போட்டு இழுக்கிறது, பவுல். காசிலும் இல்லை, அவர்தான் எதிராளியின் சிறந்த கார்டைப் பூட்டி வைத்தவர். சாம்சன் ஜோன்சன் கால் வேகமான நல்ல சென்டர், ஆனால் பவுல் எண்ணிக்கை ஏறி அடிக்கடி வாங்கில். பந்து கையில் இருக்கும்போது யூகொன் அந்த மூன்று நாளும் கெட்ட ரீம் இல்லை. மெம்பிஸோடு 97 புள்ளி அடித்திருக்கிறார்கள். பந்து எதிராளியிடம் போனதும்தான் அவர்கள் ஐந்து தனி ஆட்கள்.

இதை நான் இவ்வளவு நிச்சயமாகச் சொல்லக் காரணம், அதே பிரச்சினை அதே மாதம் எங்கட கோர்ட்டிலும் இருந்தது. வேறு காரணத்தால்.

எங்கட பீடத்தின் பெண்கள் ரீமில் பதினொரு பேர். அதில் எட்டுப் பேர் பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து விளையாடி வந்தவர்கள். இலங்கையில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைக்கிற விளையாட்டு அதுதானே. தர்ஜினி சிவலிங்கத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். போன வருடத்தோடு எங்கட சீனியர் அக்காமார் வெளிக்கிட்டார்கள், அவர்களில்தான் பாஸ்கெட்போல் தெரிந்த மூன்று பேர் இருந்தார்கள். நவம்பர் தொடக்கத்தில், மழைக்கு முன், சிநேகபூர்வ மட்ச் இரண்டு விளையாடினோம். இரண்டையும் வென்றோம். எதிராளிக்கு எங்கட பாஸைப் பிடிக்கவே முடியவில்லை.

வலைப்பந்துக்காரிக்கு பாஸ் என்பது மூச்சு மாதிரி. அங்கே பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது, மூன்று செக்கனுக்குள் கொடுத்துவிட வேண்டும். ஆகவே பந்து கையில் இல்லாதவள் ஓடித்தான் ஆக வேண்டும், வெட்டித்தான் இடம் எடுக்க வேண்டும். யூகொன் பெரிய காசு கொடுத்து ஆள் பிடித்துக் கற்றுக்கொடுக்கிற விஷயத்தை எங்கட பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் இருந்தே செய்துகொண்டு வருகிறார்கள். இதை நான் கண்டுபிடித்த அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. அவர்கள் செய்கிற ஸ்கிரீன்களைக் கொப்பியில் கீறி, பிள்ளைகளுக்குக் காட்டினேன். ஒருத்தி கேட்டாள், "இது வலைப்பந்துதானே கா, என்னத்துக்கு இவ்வளவு கீறியிரிக்கீங்க?"

ஆனால் டிஃபென்ஸ்? வலைப்பந்தில் பந்து வைத்திருப்பவளுக்கு மூன்றடி தள்ளித்தான் நிற்க வேண்டும், கையை உயர்த்திக்கொண்டு. அவள் ஓடமாட்டாள், ஆகவே அது போதும். பாஸ்கெட்போலில் மூன்றடி தள்ளி நின்றால் அவள் உங்களைத் தாண்டி ஒரே ஓட்டம். அதை உணர்கிற நேரம் பிந்திவிடும், கை நீளும், பவுல். மூன்றாவது மட்ச் விஞ்ஞான பீடத்தோடு. அவர்களில் ஒரு பிள்ளை நன்றாகத் தட்டிக்கொண்டு ஓடுவாள். மூன்றாம் பகுதி முடிவதற்குள் எங்கட இரண்டு பேர் ஐந்து பவுலோடு வெளியே. நாங்கள் விளையாடுவது சர்வதேச விதி, பத்து நிமிடம் நாலு பகுதி, ஒவ்வொரு பகுதியிலும் ஐந்தாவது ரீம் பவுலில் இருந்து எதிராளிக்கு இரண்டு ப்ரீ த்ரோ. அமெரிக்கக் கல்லூரி ஆண்களுக்கு இருபது நிமிடம் இரண்டு பாதி, ஆனால் ஆளுக்கு ஐந்து பவுல் என்பது இரண்டிலும் ஒன்று. தோற்றோம். எவ்வளவால் என்று எழுதத் தேவையில்லை.

எங்களுக்குப் பொறுப்பாக அன்றைக்குக் கரையில் நின்றவர் வெளியே வந்த முதலாம் வருடப் பிள்ளையைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கச் சொன்னார், "வீட்டில நிண்டு சமைக்கப் பழகு, போ." அந்தப் பிள்ளை தண்ணிப் போத்தலை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் பின்னால் போய்விட்டாள். அடுத்த இரண்டு பிராக்டிஸுக்கு வரவில்லை. பிறகு வெள்ளம். ஆகவே ஹேர்லியின் கிளிப் எனக்கு ஏன் சிரிப்பு வரவில்லை என்று விளங்கும்.

மட்டக்களப்பில் பாஸ்கெட்போலுக்கும் அமெரிக்காவுக்கும் உள்ள தொடர்பு யூரியூப்பால் வந்ததில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து இயேசுசபைத் துறவிகள் இங்கே வந்தார்கள். வெபர் மைதானத்தின் பெயர் அவர்களில் ஒருவருடையது. இன்னொருவர் லூசியானாவில் பிறந்த யூஜின் ஜோன் ஹேபர்ட் அடிகளார், புனித மிக்கேல் கல்லூரியில் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கி அந்தப் பள்ளிக்கூடத்தை நாடறியச் செய்தவர். 1990 ஓகஸ்டில் வாழைச்சேனைப் பக்கமிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமல் போனார், கூடப்போன இளைஞனோடு. இன்றுவரை இல்லை. என்ட மாமா எண்பதுகளில் அந்தக் கல்லூரியில் படித்தவர். அவர் பாஸ்கெட்போல் பற்றிப் பேசத் தொடங்கினால் எப்படியோ பாதரில்தான் போய் நிற்பார், நின்றதும் பேச்சு நின்றுவிடும். மழைநாளில் நான் மாவித் தோல்வியைப் பற்றிச் சொன்னபோது மாமா ஸ்கோரைக் கேட்கவில்லை. "அந்தப் பெடியனைத் திரும்ப இறக்கினவரா?" என்று மட்டும் கேட்டார். மக்நீலியைத்தான்.

இறக்கினார். அதைச் சொல்லாவிட்டால் ஹேர்லிக்கு நான் செய்கிற அநியாயம். டிசம்பர் 4, தம்பியின் பரீட்சை திரும்பத் தொடங்கிய அதே திகதி, யூகொன் பெய்லரை 76-72இல் வென்றது. பிறகு டெக்சாஸை அவர்கள் ஊரிலேயே 76-65. டிசம்பர் 14, நியூயோர்க் மடிசன் ஸ்குவயர் கார்டனில் கொன்ஸாகாவை 77-71. அந்த மட்சில் மக்நீலி 26 புள்ளி. மாவியில் முதுகில் ஏறிய அதே பிள்ளை. பவுல் பிரச்சினை தீரவில்லை, அந்த சீசன் முழுக்கத் தீரவில்லை. புது வருடம் பிறந்த அன்றே மக்நீலி கணுக்காலில் அடிபட்டார். மார்ச்சில் இரண்டாம் சுற்றில் புளோரிடாவிடம் 77-75இல் தோற்று மூன்றாவது கிண்ணக் கதை முடிந்தது. புளோரிடாதான் கடைசியில் சம்பியன். சந்தோஷத்துக்கு, அதே ஏப்ரலில் பெய்ஜ் பெக்கர்ஸின் ரீம் சவுத் கரோலினாவை 82-59இல் வென்று கிண்ணம் எடுத்தது. நான் முதலில் தெரிவு செய்த ரீம்தான் சரியான ரீம்.

எங்கட கோர்ட் டிசம்பர் நடுவில் காய்ந்தது. பாசியைக் கூட்டுமாறும் சவர்க்காரத் தூளும் கொண்டு நாங்களேதான் தேய்த்தோம், அரை நாள். அந்த முதலாம் வருடப் பிள்ளையின் அறைக்கு இரண்டு பேர் போய்க் கூப்பிட்டோம். "நான் வந்தாலும் அவர் நிப்பாரே" என்றாள். நிற்பார் என்றுதான் சொன்னோம், பொய் சொல்லவில்லை. வந்தாள். இப்போது டிஃபென்ஸ் பழகுவதற்கு ஒரு வேலை செய்கிறோம்: இரண்டு பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கால் மட்டும் வைத்து, பந்தோடு வருகிறவளை மறிக்க வேண்டும். முதல் நாள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மூன்றாம் கிழமையில் அவளைத் தாண்ட எனக்கு நாலு தரத்தில் ஒரு தரம்தான் முடிந்தது. மருத்துவ பீடத்தோடு மட்சில் நாலு பவுலோடு கடைசிவரை கோர்ட்டில் நின்றாள். அந்த மட்சையும் தோற்றோம், ஐந்து புள்ளியால். ப்ரீ த்ரோ ஒருவருக்கும் போகவில்லை. வலைப்பந்தில் பின்பலகை இல்லை, பிள்ளைகள் இன்னும் பலகையைப் பார்த்து எறிகிறார்கள் இல்லை. அதைத்தான் இந்தக் கிழமை பிடித்திருக்கிறோம், ஆளுக்கு ஐம்பது, வெயில் ஏறுவதற்கு முன்.